கிட்டாருக்கு எந்தப் பெட்டி?

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயிலால் பேர் பெற்ற ஊர். இந்தப் பக்கத்தில் கிட்டார் வாசிப்பவர்கள் பெரும்பாலும் தேவாலயப் பாடகர் குழுவில் பழகியவர்கள், இல்லையென்றால் கோயில் கொடைகளுக்கு வரும் மெல்லிசைக் குழுக்களில் கை தேறியவர்கள். இப்போது வீட்டு அறையும் வாசிக்கிற இடமாகிவிட்டது. மெட்டுப் போடுகிறவர் சென்னையில் இருந்தபடியே ரிதம் டிராக்கை அனுப்பி, "கிட்டார் மட்டும் வாசிச்சு அனுப்புங்க தம்பி" என்கிறார். அதற்கு லேப்டாப்புக்கும் கிட்டாருக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதுதான் ஆடியோ இன்டர்ஃபேஸ்.

'இளைய நிலா' பாட்டு வந்த 1982-இல் ஒரு கிட்டாரைப் பதிவு செய்யக் கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்தான் கதி. ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். 1992-இல் அவர் இசையமைத்த 'ரோஜா' வந்தது. வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்ற துணிச்சல் தமிழ்நாட்டு இசைக்காரர்களுக்கு அங்கிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். அன்று அதற்குப் பெரும்பணம் தேவைப்பட்டது. இன்று பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின் செலவழித்தால், கையில் அடங்கும் பெட்டி நல்ல தரத்தில் கிடைக்கிறது. விலை குறைந்ததால் குழப்பம் கூடியிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

எத்தனை ஜாக் இருக்கிறது என்று எண்ணுவதை முதலில் விடுங்கள். கிட்டார் நுழையும் அந்த ஒரு ஜாக்கைப் பாருங்கள். அதன் பக்கத்தில் 'இன்ஸ்ட்' என்றோ 'ஹை-இசட்' என்றோ எழுதியிருக்க வேண்டும், அல்லது கிட்டார் படம் போட்டிருக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பிச் சுருள். அதிலிருந்து வரும் சிக்னல் மெலிந்தது. அதை வாங்கிக்கொள்ளும் ஜாக்கின் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 1 மெகா ஓம் இருந்தால்தான் அது முழுதாக உள்ளே வரும். சாதாரண லைன் ஜாக்கில் இது சில பத்தாயிரம் ஓம்தான். அதில் செருகினால் மேல் ஸ்வரங்களின் பளபளப்பு போய், கம்பளி போர்த்தியது மாதிரி கேட்கும். அப்படிப் பதிவான ஒலியை எந்த சாஃப்ட்வேரும் முழுதாக மீட்டுத் தராது. ஈக்வலைசரும் 9 வோல்ட் பேட்டரியும் உள்ள அகூஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதற்குள்ளேயே பிரீ-ஆம்ப் இருக்கிறது.

ஹம்பக்கர் பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் சிக்னல் பலமானது. கெய்னைச் சுத்தமாகக் குறைத்த பிறகும், ஓங்கி அடிக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பெட்டி உங்களுக்கு ஆகாது.

அடுத்தது தாமதம். கம்பியைத் தொட்டதும் ஹெட்போனில் சத்தம் வர வேண்டும். கம்ப்யூட்டர் ஒலியைச் சின்னச் சின்னக் கட்டுகளாக வாங்கித்தான் வேலை செய்யும். அந்தக் கட்டுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பஃபர் 1024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட் போய்விடும். 128 என்றால் 3 மில்லிசெகண்டுக்கும் கீழே. போய்த் திரும்பும் மொத்தத் தாமதம் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் போதும். ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிக்கும்போது காதுக்கு வரும் தாமதமும் அவ்வளவுதான்; மேடையில் வாசித்தவர்களுக்கு அது பழக்கம். விண்டோஸ் லேப்டாப்பில் இது பெட்டியை விட அதன் டிரைவரைப் பொறுத்தது. தாமதத்தைக் குறைக்க, கம்பெனியே எழுதிய ஏசியோ (ASIO) டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள். வாசிப்பதை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கிறதே என்று கடைக்காரர் சமாதானம் சொல்வார். பாடகருக்கு அது போதும். கிட்டார்காரருக்கு அதில் வெறும் கம்பிச் சத்தம்தான் கேட்கும். சாஃப்ட்வேர் ஆம்ப் தரும் டிஸ்டார்ஷனைக் கேட்டு வாசிக்க வேண்டுமானால் கம்ப்யூட்டருக்குள் போய் வந்துதான் ஆக வேண்டும்.

ஆன்லைனில் 'வி8' என்ற பெயரில் குமிழும் வண்ண விளக்குமாக மலிவு சவுண்ட் கார்டுகள் விற்கின்றன. நேரலையில் பேச அது உதவலாம். கிட்டாருக்கு வேண்டாம்.

சாம்பிள் ரேட் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற பெரிய எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டியதில்லை. கிட்டார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கரே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஆடும்படி வைத்து வாசியுங்கள்.

இனி நம் ஊர் நிலவரம். சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறி ஓடுகிற தெருவில் வீடு இருந்தால், பகலில் மைக் வைத்துப் பதிவது வீண் பாடு. கன்டென்சர் மைக் தறியையும் கேட்கும், ஃபேனையும் கேட்கும், பக்கத்து வீட்டு டிவியையும் விடாது. கிட்டாரை நேராக ஜாக்கில் செருகினால் இந்தச் சத்தம் எதுவும் உள்ளே வராது. அதனால்தான் மைக் பிரீ-ஆம்ப்பின் பெருமையைவிட கிட்டார் ஜாக்கின் தரத்தை முன்னால் வைக்கிறேன். அகூஸ்டிக்கை மைக்கில் பிடித்தே தீர வேண்டுமென்றால், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தறி நிற்கும், ஃபேனும் நிற்கும். யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் பெட்டி லேப்டாப் பேட்டரியில் ஓடும். இதற்காகவே தனி அடாப்டர் கேட்காத பெட்டியாகப் பாருங்கள்.

ஹெட்போனில் 'ஊம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் உடனே பெட்டியைத் திட்ட வேண்டாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு சார்ஜரிலோ எர்த்திலோ இருக்கிறது. சுவரில் மூன்று முனை பிளக் இருக்கும், எர்த் கம்பி எங்கும் போகாது. அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. கம்பியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று பட்டால் அன்றோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது உயிர் விஷயம்.

பெயர் சொல்லாமல் விட்டால் வாசகர் மன்னிக்க மாட்டார். கிட்டார் மட்டும் வாசிப்பவருக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போதும். அதன் நான்காம் தலைமுறை 2023-இல் வந்தது. ஆடியன்ட் ஐடி4-இல் கிட்டாருக்கென்றே தனி ஜாக் இருக்கிறது. என் ஓட்டு அதற்கு. பாடிக்கொண்டே வாசிப்பவருக்கும், நண்பரோடு சேர்ந்து இரண்டு கிட்டார் பதிபவருக்கும் ஸ்கார்லெட் 2ஐ2 அல்லது மோட்டு எம்2. கை கடித்தால் பெரிங்கர் யூஎம்சி202எச்டி; அதன் இரண்டு ஜாக்கிலும் கிட்டார் செருகலாம். பதிவு செய்ய, ரீப்பர் என்ற சாஃப்ட்வேரை 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம்; ஐபோனோ மேக்கோ வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம்.

திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ வாங்கப் போகும்போது உங்கள் கிட்டாரையும் கேபிளையும் லேப்டாப்பையும் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே டிரைவரை ஏற்றச் சொல்லி, பஃபரை 128-இல் வைத்து ஐந்து நிமிடம் வாசியுங்கள். வாசித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.