கடைக்கண்ணில் சிக்கும் விண்மீன் கூடு

பங்குனி அமாவாசையன்று இரவு பத்து மணி சுமாருக்குக் கருமத்தம்பட்டியில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கு மேலே 38 டிகிரி உயரத்தில் என்.ஜி.சி. 3132 என்ற வாயுக்கூடு இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஆறு அங்குலத் தொலைநோக்கி போதும். லண்டன்காரருக்கோ எவ்வளவு பெரிய தொலைநோக்கி இருந்தாலும் பயனில்லை. அந்த ஊரில் அது உதிப்பதே இல்லை. ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போய்த்தான் 1835இல் அதைக் கண்டுபிடித்தார்.

இந்த வகைப் பொருளுக்குக் கோள் நெபுலா என்று பெயர். கோள்களோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் பெருத்து, தன் வெளிப்புற வாயுவை உதறிவிடுகிறது. உள்ளே மிஞ்சும் சூடான கரு வீசும் புற ஊதாக் கதிர்பட்டு அந்த வாயு ஒளிர்கிறது. ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டுகளில் கலைந்தும் விடுகிறது. மிச்சமிருக்கும் கருதான் வெண்குறுமீன். அதன் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று கணக்குப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவருக்கு வயது 19.

கோள் நெபுலாக்கள் நீலப்பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் ஆக்சிஜன். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்தபோது, யாருக்கும் அடையாளம் தெரியாத பச்சைக் கோடு ஒன்று கிடைத்தது. புதிய தனிமம் என்றே பலரும் நம்பினார்கள். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அது என்று 1927இல் ஐரா போவன் காட்டினார். அந்த ஒளியின் அலைநீளம் 500.7 நானோமீட்டர். இருட்டில் வேலை செய்யும் நம் விழித்திரைச் செல்களுக்கும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கூர்மை அதிகம். நல்ல பொருத்தம்!

அந்தச் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரங்களில் இருக்கின்றன. அதனால் மங்கலானதை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கினால் கடைக்கண்ணில் தெரியும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என்.ஜி.சி. 3132இன் நடுவே ஒரு விண்மீன் பளிச்சென்று தெரியும். வாயுவை உதறியது அதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உதறியது அதை ஒட்டியுள்ள மிக மங்கலான துணை விண்மீன். 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் இந்த இரண்டும் தனித்தனியே தெரிந்தன.

கருமத்தம்பட்டிக்கு மேற்கே கோவை வெளிச்சம், கிழக்கே திருப்பூர் வெளிச்சம், ஊரை ஒட்டித் தேசிய நெடுஞ்சாலை. இந்த வானத்தில் ஹீலிக்ஸ் போலப் பரந்து விரிந்த நெபுலா கரைந்துபோகும். சின்னதாக, அடர்த்தியாக ஒளிர்பவை தாக்குப்பிடிக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் பின்புல வானம் கறுக்கும், வட்டு நிற்கும். ஹைட்ரா மண்டலத்து என்.ஜி.சி. 3242 அப்படி ஒன்று. அளவில் ஏறக்குறைய வியாழன் போலவே தெரியும். சித்திரையில் தென்சிலுவைக்குப் பக்கத்தில் என்.ஜி.சி. 3918 சிறு நீலப் புள்ளியாக இருக்கும். ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் ஓ-3 ஃபில்டர் இருந்தால் இன்னும் எளிது.

தென்வானமும் தெரிய வேண்டும், இருட்டும் வேண்டும் என்றுதான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கருமத்தம்பட்டி காவலூரைவிட ஒன்றரை டிகிரி தெற்கே இருக்கிறது. தென்வானம் இங்கே தாராளம், இருட்டுதான் குறைந்துகொண்டே வருகிறது. மில் வாசலிலும் தோட்டத்துச் சாளையிலும் எரியும் விளக்குகளுக்கு மேலே ஒரு தகரமூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். வேலையும் கெடாது, வானமும் கொஞ்சம் கறுக்கும்.