ஆடிக் காற்றும் மாடிப் பாயும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது முன்னோர் மொழி. அம்மிக்கே அந்நிலை என்றால், மொட்டை மாடியில் விரித்த கோரைப் பாயின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இஃது வேடிக்கைச் செய்தி அன்று. மிளகாயும் வற்றலும் காய்வது மாடிப் பாயில். வீட்டில் பசை தடவிச் சுற்றிய வெறும் காகிதக் குழாய்கள் உலர்வதும் அதே பாயில். வெக்கை தாளாத மாலையில் பிள்ளைகள் அமர்ந்து படிப்பதும் அதில்தான். பாய் புரண்டால் ஒரு நாள் உழைப்பு தெருவில் சிந்திவிடுகிறது.

காற்று வரும் வழி

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மலைக்கு அப்பால் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே வறண்ட காற்றாக நம் கரிசல் பூமிக்குள் நுழைகிறது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே அம்மாதங்களில் பாயைத் தூக்குவது பெரும்பாலும் அதன் மேற்கு ஓரமே.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை எதிர்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 6 கிலோ எடைக்கு ஈடான அழுத்தத்தைத் தருகிறது. 6 அடிக்கு 3 அடிப் பாய் ஒன்று எழுந்து நின்றுவிட்டால், அதன்மீது விழும் விசை 10 கிலோவை எட்டும். பாயின் எடையோ அதில் சிறு பங்கே. எனவே எழுந்த பாயை அடக்குவதைவிட, அது எழாமல் காப்பதே அறிவுடைமை.

செய்யத்தக்கவை

நான்கு மூலைக்கு நான்கு செங்கல் வைப்பது நம்மவர் வழக்கம். மூலைகள் அடங்கும், ஆனால் இரு கற்களுக்கு இடையே உள்ள ஓரம் வாய் திறக்கும். அவ்வாய் வழியே புகும் காற்று முழுப் பாயையும் புரட்டிவிடும். ஓரம் முழுவதும் அழுந்தியிருக்க வேண்டும் என்பதே இதில் அறிய வேண்டிய உண்மை.

கிழிந்த வேட்டியிலோ சேலையிலோ, பாயின் நீளத்துக்குக் கைக்கனமான பை தைத்து, உலர்ந்த மணலை நிரப்பி வாயைக் கட்டிவிடுங்கள். முதலில் மேற்கு ஓரத்திலும், பின்னர் மற்ற ஓரங்களிலும் அதைக் கிடத்துங்கள். உருளாது, பாயையும் கிழிக்காது. மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அதன் மறைவில் பாயை விரித்தால் காற்றின் வேகமும் தணியும். தார்ப்பாயாயின் ஓரத்துக் கண்கள் எல்லாவற்றிலும் கயிறு கோத்து இழுத்துக் கட்டுக. தளத்தில் ஆணி அடித்தல் ஆகாது. தட்டோடு பிளந்து மழைக்காலத்தில் கூரை ஒழுகும்.

செய்யத்தகாதவை

கைப்பிடிச் சுவரின் மேல் கல்லை ஏற்றிப் பாயின் நுனியை அழுத்துவோர் உண்டு. பாய் இழுக்கும்போது அக்கல் தெருவில் விழும். கீழே விளையாடும் குழந்தை யாருடையதாயினும் குழந்தையே. பறந்த பாயோ பிளாஸ்டிக் படுதாவோ மின்கம்பியில் சிக்கினால் கம்பு கொண்டு தள்ளாதீர்கள். மின்வாரியத்தாருக்குச் சொல்லி, அவர்கள் வரும்வரை விலகி நில்லுங்கள்.

இறுதியாக, நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. வெறும் குழாய் மாடியில் உலரலாம். மருந்தோ, மருந்து அடைத்த வெடியோ ஒருபோதும் உலரலாகாது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் உரிமமின்றி வெடி செய்வதைத் தடுக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காற்றில் புரளும் பாயும், அதில் உராயும் மருந்தும், உருளும் கல்லும் ஒன்று சேரும் இடத்தில் பொறி பிறக்க வேறொன்றும் வேண்டுவதில்லை. கூலி சில நூறு ரூபாய் கூடுமென்று இதற்கு இணங்கும் குடும்பம், தன் வீட்டை மட்டுமன்று, அண்டை வீட்டையும் பணயம் வைக்கிறது.

மிளகாய்ப் பாய்க்கு மணல் பை போதும். மருந்துப் பாய்க்குக் காவல் ஒன்றே: அதை வீட்டு மாடிக்கு ஏற்றாதிருத்தல்.