எல்.கே.ஜி ஆசிரியைக்கு என்ன தகுதி வேண்டும்?

பிள்ளையை எல்.கே.ஜியில் சேர்க்கப் போகும்போது ஃபீஸ் எவ்வளவு, வேன் வருமா, குர்ஆன் ஓதக் கற்றுத் தருவார்களா என்றெல்லாம் விசாரிக்கிறோம். பாடம் நடத்தப் போகும் ஆசிரியை என்ன படித்தவர் என்று கேட்கும் பெற்றோர் அரிது.

1ஆம் வகுப்பு என்றால் இந்தக் கேள்வியைச் சட்டமே கேட்டுவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதன்படி 1 முதல் 5ஆம் வகுப்பு வரை பாடம் நடத்த ஆசிரியர் பயிற்சியும் 'டெட்' தேர்ச்சியும் வேண்டும். 3 வயதுப் பிள்ளைகளுக்கோ, முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு அதன் 11ஆவது பிரிவு நின்றுவிடுகிறது.

அதற்காக விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ) 2014 விதிமுறைகள், நர்சரி ஆசிரியருக்குப் பள்ளிப் படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் முன்பருவக் கல்வியில் இரண்டாண்டு டிப்ளமோவும் கேட்கின்றன. எத்தனை நர்சரிகளில் இதைப் பார்க்கிறார்கள் என்பது நமக்கே தெரியும்.

2020 தேசியக் கல்விக் கொள்கை அங்கன்வாடிப் பணியாளர்களிடம் இதைவிடக் குறைவாகவே கேட்கிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு 6 மாதச் சான்றிதழ் படிப்பு, அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டு டிப்ளமோ. அதுவும் பெரும்பாலும் டிடிஎச், ஸ்மார்ட்போன் வழியாக. சத்துணவு, எடை பார்ப்பது, பதிவேடு என்று ஏற்கனவே சுமை தாங்கும் பெண்கள் இதை எப்போது படிப்பார்கள்?

அந்தக் கொள்கையை ஏற்காத தமிழகத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கியபோது இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். தொடக்கப் பள்ளிக்குப் பயிற்சி பெற்ற அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2022இல் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தபோது மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம்தான்.

இதில் இழப்பு பிள்ளைகளுக்குத்தான். மூன்று வயதில் விரல்கள் பென்சிலுக்குப் பழகியிருக்காது. பயிற்சி பெற்றவர் களிமண், கதை, பாட்டு என்று கொண்டுபோவார். பயிற்சி இல்லாதவர் ஒரு பக்கம் 'அ' எழுதி வரச் சொல்வார். பிள்ளை அழும், நாமும் அதட்டுவோம்.

நமது ஜமாஅத்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் நர்சரிகளில், பிளஸ் டூ முடித்த அல்லது ஆலிமா பட்டம் பெற்ற நம் பெண்கள் பலர் சொற்பச் சம்பளத்தில் வேலை செய்கிறார்கள். கட்டடத்துக்கு வசூலிப்பதில் ஒரு பங்கை ஒதுக்கினால், ஆண்டுக்கு ஓரிருவரையாவது இந்த டிப்ளமோவுக்கு அனுப்பலாம். ஆனால் 'மாண்டிசோரி பயிற்சி' என்று விளம்பரம் வந்தாலே பணம் கட்டிவிடக் கூடாது. அந்தப் படிப்புக்கு என்.சி.டி.இ அங்கீகாரம் இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும்.