ஒலிநாடாவினின்று நிரலை மீட்டல்

1982-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினி, தன் நிரல்களைப் பாட்டுக் கேட்கும் கேஸட்டு நாடாவிலேயே ஒலியாகப் பதிந்து வைத்தது. விலைக்கு விற்ற விளையாட்டுக்கள் பல படிகளாய் எஞ்சியுள்ளன. ஒரு சிறுவன் தன் வீட்டிலிருந்து தானே எழுதிய நிரலுக்கோ பெரும்பாலும் அவ்வொரு நாடாவன்றி வேறு படி இல்லை. அது கெடின் அவ்வுழைப்பும் மாயும்.

நாடாவை ஒலிக்கச் செய்தால் முதலில் நீண்டதோர் ஊதலும், பின்னர்ச் செவியைத் துளைக்கும் கரகரப்பும் கேட்கும். அக்கரகரப்பே நிரல். சுழியைக் குறிக்கும் அலை நொடிக்கு ஏறக்குறைய 2,000 வீதமும், ஒன்றைக் குறிப்பது 1,000 வீதமும் எழும். இவ்வளவே இரகசியம்!

நாடாக்கருவியை இக்காலக் கணினியோடு கம்பியால் இணைத்து, நொடிக்கு 44,100 மாதிரி வீதம், சுருக்காமற் பதிதல் வேண்டும். ஒலி மங்கியிருப்பின் நாடாவைப் பழியாது, காந்தத் தலையின் சாய்வை அதன் சிறு திருகாணியால் முதலிற் சரிசெய்க.

சிலர் இவ்வொலியை அப்படியே புதுநாடாவில் ஏற்றுவர். அது பிழைபட்ட ஏட்டைப் பிழையோடு பெயர்த்தெழுதுவதை ஒக்கும். சுழிகளையும் ஒன்றுகளையும் பிரித்துணர்ந்து, அவற்றினின்று புத்தலைகளை ஆக்கிப் பதிதலே முறையென்பது எம் கருத்து. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் சரிபார்க்கும் எண்ணொன்று உண்டு. பிழை பெரும்பாலும் அதனால் வெளிப்படும். (இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்தலும் உண்டு.) எண் பொருந்தாதாயின், வேறு சாய்வில் மீண்டும் பதிந்து, சிதைந்த இடத்தை மட்டும் அதனின்று நிரப்பலாம்.

புதுநாடா முடிந்தவுடன் அதன் விளிம்பிலுள்ள சிறு தகடுகளை ஒடித்துவிடுக. இல்லையேல் வீட்டார் எவரேனும் அதன்மேற் பாட்டைப் பதிந்துவிடுதல் கூடும்.