குட்டி ரயில் கிளம்பணுமா?

பேட்டரி ரயில் நின்றுவிட்டதா? 'மோட்டார் அவுட்' என்று தீர்ப்பெழுதிப் பரணில் ஏற்றாதீர்கள் சார். பி.காம். படித்தவன் சொல்கிறேன், அது வீண் நஷ்டக் கணக்கு!

முதலில் செல்லைக் கழற்றுங்கள். கம்பிச் சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், அது ஆல்கலைன் செல் கக்கிய காரம். கையில் படாமல், பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து சக்கர அச்சு. வீட்டில் உதிர்ந்த தலைமுடியெல்லாம் அங்கேதான் குடியிருக்கும்! ஊக்கால் இழுத்தெடுத்து, ஒரே சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறும். பழைய செல்லோடு புதுசைக் கலக்காதீர்கள்.

எங்கள் வீட்டு ரயில் இப்படித்தான் கிளம்பியது. நாலு நாளாக என்னோடு 'டூ' விட்டிருந்த வாண்டு வாயைத் திறந்தது: "ஏம்ப்பா, நீ டிக்கெட் எடுத்தியா?"