உங்களுக்குத் தெரியுமா? வெல்டிங் அடிக்கும் ரோபோ

★ உலகின் முதல் தொழிற்சாலை ரோபோ யூனிமேட். 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. அங்கே அதன் வேலை வெல்டிங் இல்லை. அச்சில் வார்த்த உலோகப் பாகங்களைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து வைப்பதுதான். வெல்டிங்குக்கு வந்தது 1969-இல், ஒஹாயோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் ஆலையில். மற்ற ஆலைகளில் காரின் உடலைப் பற்றவைக்கும் வேலை பெரும்பாலும் ஆள் கையில் இருந்த காலம் அது. லார்ட்ஸ்டவுனிலோ அதில் 90 சதவீதத்துக்கு மேல் இயந்திரத்துக்குப் போனது. மணிக்கு 100 கார் என்று லைன் ஓடியது. ரோபோவின் வேகத்துக்கு லைனின் மற்ற இடங்களில் நின்ற மனிதர்களும் ஓட வேண்டியிருந்தது. 1972-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ரோபோ வாங்கும் எந்த முதலாளியும் அந்த ஆலையின் கதையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

★ ஒரு காரின் உடலில் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இருக்கும். இதற்கு ராடும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். இரண்டு செம்பு முனைகள் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். சுமார் 10,000 ஆம்பியர் மின்சாரம் கால் நொடிக்கும் குறைவாகப் பாயும். தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். இந்த முனைகளைத் தாங்கும் ‘கன்’ பெரும் கனம். ரோபோ வருவதற்கு முன் அதை மேலிருந்து கட்டித் தொங்கவிட்டு, ஷிஃப்ட் முழுக்க ஆட்கள் இழுத்து இழுத்துத் திருப்பினார்கள். இந்த வேலை ரோபோவுக்குப் போனதில் யாருடைய தோள்பட்டைக்கும் வருத்தம் இருந்திருக்காது.

★ ஸ்வீடனின் ஏ.எஸ்.இ.ஏ. (ASEA) நிறுவனம் (இன்றைய ஏபிபி) 1974-இல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் ஐஆர்பி 6 ரோபோவைக் கொண்டுவந்தது. முதலில் வாங்கியது கார் கம்பெனி இல்லை; கெனார்ப் என்ற ஊரில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை மெருகேற்றிக்கொண்டிருந்த சிறிய நிறுவனம்.

★ கையால் வெல்டிங் அடிப்பவரின் ஷிஃப்டில் ஆர்க் உண்மையில் எரியும் நேரம் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம்தான். மீதி நேரம் பாகத்தை எடுத்து வைக்க, கிளாம்ப் போட, டேக் வைக்க, கசடைத் தட்ட என்று போய்விடும். ரோபோவுக்கு இரண்டு மேடை கொடுப்பார்கள். ஒரு பக்கம் அது பற்றவைக்கும்போதே மறுபக்கம் ஆள் அடுத்த பாகத்தை ஏற்றிவிடுவார். லாபம் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. டார்ச் நகரும் வேகத்தில் மட்டும் அதைத் தேடினால் ஏமாற்றம்தான்.

★ இனி, விற்க வருபவர்கள் அழுத்திச் சொல்லாத விஷயம். சாதாரண வெல்டிங் ரோபோவுக்குக் கண் கிடையாது. கற்றுக்கொடுத்த பாதையில் 0.1 மி.மீ.கூடப் பிசகாமல் போகும். நல்ல வெல்டர் இணைப்பில் 2 மி.மீ. இடைவெளியைப் பார்த்தால் கை வேகத்தைக் குறைப்பார், லேசாக அசைத்து நிரப்பிவிடுவார். ரோபோவுக்கு அது தெரியாது. தகட்டை வெட்டியதிலோ வளைத்ததிலோ கோணல் இருந்தால், அழகான வெல்டிங்கைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆகவே ரோபோவுக்கு முன்னால் கட்டிங், பெண்டிங், ஃபிக்சர் மூன்றும் சரியாக வேண்டும். ஃபிக்சரில் மிச்சம் பிடித்தவர் பின்னால் கிரைண்டரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஆர்க் போடுவதற்கு முன் டார்ச்சின் கம்பி நுனியில் சிறிய மின்னழுத்தம் கொடுத்து, தகட்டை அங்கங்கே தொட வைப்பார்கள். தொட்ட கணம் மின்சுற்று மூடும். பாகம் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு ரோபோ தன் பாதையை நகர்த்திக்கொள்ளும். பற்றவைக்கும்போதும் ஒரு நுட்பம் உண்டு. டார்ச் இடமும் வலமும் அசையும்போது, இணைப்பின் சுவர்ப்பக்கம் நெருங்கினால் மின்னோட்டம் ஏறும். இரு பக்கமும் சமமாக ஏறினால் நடுவில் போகிறோம் என்று அர்த்தம். கண் இல்லாமலேயே கோட்டைப் பிடித்துப் போகிற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

★ ரோபோவுக்குப் பாதை சொல்லிக்கொடுக்கும் கைக்கருவி பெண்டன்ட். அதன் பின்புறச் சுவிட்சுக்கு மூன்று நிலை. மிதமாக அழுத்தினால்தான் ரோபோவின் கை அசையும். விட்டால் நின்றுவிடும், இறுக்கிப் பிடித்தாலும் நின்றுவிடும். பயத்தில் மனிதன் ஒன்று கையை விடுவான், இல்லை இறுக்கிக்கொள்வான் என்று தெரிந்து செய்தது.

★ உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2017-இல் கூடி ஆராய்ந்து, வெல்டிங் புகையையும் வெல்டிங்கின் புறஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் சேர்த்தது. அந்தக் கதிர் பட்டு, ராத்திரி கண்ணில் மணல் கொட்டினாற்போல் துடிக்கும் வெல்டர்களைப் பட்டறைப் பக்கம் இருப்பவர்கள் அறிவார்கள். எனக்கு ரோபோவின் முதல் நன்மை இதுதான்: ஆள் புகையைவிட்டுத் தள்ளி நிற்கலாம். உற்பத்திக் கணக்கெல்லாம் இதற்கு அப்புறம்.

★ திருச்சி பெல் (BHEL) வளாகத்தில் 1975-இல் ஐ.நா. உதவியோடு தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெல்டர்களுக்கும் பொறியாளர்களுக்கும் அங்கே பயிற்சி தருகிறார்கள்.

★ ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ‘கோபாட்’டை டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் 2008-இல் விற்கத் தொடங்கியது. அதன் கையைப் பிடித்து நடத்திக்காட்டினாலே பாதையைப் பதிந்துகொள்ளும். டார்ச்சை எந்தச் சாய்வில் பிடிப்பது, மூலையில் எவ்வளவு தயங்குவது என்பதெல்லாம் பழைய வெல்டருக்குத்தான் தெரியும். அவரை அனுப்பிவிட்டு ரோபோவை இறக்கினால் அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. கோபாட்டுக்குப் பல இடங்களில் வேலி தேவையில்லை என்கிறார்கள். ஆனால் ஆர்க் வெளிச்சம் பக்கத்தில் நிற்பவர் கண்ணைச் சுடும். வெல்டிங் திரை கட்டாயம் கட்ட வேண்டும், புகையை இழுக்கும் குழாயும் வேண்டும்.