மணிக்கணக்கில் வயதாகும் வண்டி

சனிக்கிழமை காலை ஆறரை மணி. கோவைக்கு வெளியே ஒரு செம்மண் ட்ராக். தண்ணீர் லாரி அப்போதுதான் ஒரு சுற்று நனைத்துவிட்டுப் போயிருந்தது. டாடா ஏஸின் பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து, இரண்டு பேர் ஒரு மோட்டோகிராஸ் பைக்கை மெல்ல இறக்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்த பையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டான்: “ஏனுங்கண்ணா, சாவி எங்க போடறது?”

சாவித் துவாரமே கிடையாது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஸ்பீடோமீட்டர், சைடு ஸ்டாண்டு, நம்பர் பிளேட் என்று நமக்குப் பழகிய எதுவும் அதில் இல்லை. ஹேண்டில்பார் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர் மட்டும். அதில் 31.4 என்று காட்டியது. அது இன்ஜின் ஓடிய மணி நேரம்.

பக்கத்தில் என் அக்கா மகன் நின்றுகொண்டிருந்தான். 2024 தொடக்கத்தில் புனே, அகமதாபாத், பெங்களூரு என்று மூன்று ஊர்களில் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் நடந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. இரண்டு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் பேங்கில் கிடக்கிறது. “மாமா, லோக்கல் ரேஸ் ஓட்டப் புதுசா ஒரு பைக் எடுக்கணும். நேரா 450 சிசி எடுத்துறலாமுங்களா?”

அந்தக் குட்டி மீட்டரைக் காட்டினேன். “முதல்ல இது எவ்வளவு வேகமா ஓடும்னு தெரிஞ்சுக்கோ. பைக் எவ்வளவு வேகமா ஓடும்ங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்.”

எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறாய்?

பெரும்பாலானவர்கள் பைக்கை வாங்கிவிட்டுத்தான் ரேஸ் விதிகளைப் படிக்கிறார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் வெளிநாட்டு மோட்டோகிராஸ் பைக்குகளுக்குத் தனிப் பிரிவு, இந்தியத் தயாரிப்புகளுக்குத் தனிப் பிரிவு, புதியவர்களுக்கு நோவிஸ், அந்த ஊர்க்காரர்களுக்கு லோக்கல் என்று பிரித்துவைப்பார்கள். ஒரிஜினல் மோட்டோகிராஸ் பைக்கை வாங்கினால், முதல் ரேஸிலேயே பத்து வருடம் ஓட்டியவர்களோடு ஸ்டார்ட் கேட்டில் நிற்க வேண்டிவரும். மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ் எடுப்பதற்கு முன்பே, தான் ஓட்டப்போகும் போட்டியின் விதித்தாளை வாங்கிப் படிப்பது நல்லது. எந்த சிசி, என்னென்ன மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தியப் பிரிவு என்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் கண்ணில் படாமல் இருக்காது. 200 சிசி, சுமார் 19 குதிரைத்திறன், முன்னால் 21 இன்ச் வீல், பின்னால் 18. ரேலி எடிஷனில் முன் சஸ்பென்ஷன் 250 மி.மீ., பின்னது 220 மி.மீ. இறங்கி ஏறும். அசல் மோட்டோகிராஸ் பைக்கில் இது 300 மி.மீ. அளவுக்கு இருக்கும். பெரிய டேபிள் டாப் ஜம்ப்பில் பறந்து தப்பான இடத்தில் விழும்போது இந்த வித்தியாசத்தை முதுகெலும்பு சொல்லும். ஆனால் பார்ட்ஸ் பக்கத்துத் தெருவில் கிடைக்கும். மெக்கானிக் யாரையும் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம்.

அடுத்த படி இறக்குமதி. கவாஸாகியின் கேஎக்ஸ் 250, கேஎக்ஸ் 450 இரண்டும் ஏற்கெனவே இங்கே விற்பனையில் இருந்தன. 2024 நவம்பரில் கேடிஎம் தன் எஸ்எக்ஸ் வரிசையை, 50 சிசி குழந்தை வண்டியிலிருந்து 450 வரை, இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 250-இன் விலை ஒன்பதரை லட்சத்தை ஒட்டியும் 450-இன் விலை பத்து லட்சத்துக்கு மேலும் இருந்தது. ரோட்டில் ஓட்ட முடியாத வண்டிக்கு இவ்வளவு கொடுக்கும்போது, பக்கத்தில் எந்த டீலரிடம் பிஸ்டனும் கிளட்ச் பிளேட்டும் கைவசம் இருக்கின்றன என்று கேட்காமல் முன்பணம் கட்டக்கூடாது.

450-இல் நான் பட்டது

450-க்கு ஆசைப்படுபவனைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. நானும் ஒருகாலத்தில் செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கியவன்தான். எக்ஸ்பல்ஸில் ஒவ்வொரு குதிரையும் எட்டு கிலோ வண்டியை இழுக்கிறது. 450-இன் எடை 110 கிலோ சொச்சம், சக்தியோ ஐம்பது குதிரைக்கு மேல். ஒரு குதிரைக்கு இரண்டே கிலோ. ஆக்ஸிலேட்டரைச் சும்மா தொட்டால் போதும், கைகளைத் தோளிலிருந்து பிடுங்குகிற மாதிரி இழுக்கும். பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்போம். மூன்றாவது சுற்றில் முன்கை கல்லாகிவிடும். ரைடர்கள் ‘ஆர்ம் பம்ப்’ என்று சொல்வார்களே, அதுதான். கிளட்ச்சைப் பிடிக்க விரல் மடங்காது. அப்படித் தவித்துக்கொண்டிருந்தபோது மீசை முளைக்காத பையன் ஒருவன் 125-இல் என்னைத் தாண்டிப் போனான். நாலே மாதத்தில் வண்டியை விற்றுவிட்டேன்.

அவன் ஓட்டியது டூ ஸ்ட்ரோக். 1997-இல் டக் ஹென்றி லாஸ் வேகஸில் யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக்கில் சூப்பர்கிராஸை ஜெயித்துக் காட்டும்வரை இந்த விளையாட்டின் உச்சியில் டூ ஸ்ட்ரோக்தான் கோலோச்சியது. இன்று பெரிய பந்தயங்களில் அதற்கு இடம் குறைந்துவிட்டாலும், கற்றுக்கொள்ள அதைப்போல வாத்தியார் கிடையாது. ஆர்.பி.எம். குறைந்தால் 125 செத்துவிடும். அதனால் வளைவுக்குள் வேகத்தைத் தொலைக்காமல் ஓட்டப் பழக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல வால்வு கிடையாது, கேம் கிடையாது. பிஸ்டன் தேய்ந்தால் ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். 250 ஃபோர் ஸ்ட்ரோக்கில் சக்தி பதமாக வரும், ஓட்டவும் சுகம். ஆனால் கவனிக்காமல் விட்டு இன்ஜின் உள்ளே ஏதாவது உடைந்தால் வரும் பில், ஒரு பழைய ஸ்கூட்டர் விலை இருக்கும்.

டேப்பும் பென்சிலும்

பைக்கைத் தேர்ந்தெடுக்க உதவும் மிக மலிவான கருவி, தையல்காரரிடம் இருக்கும் டேப். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ட்ராக்கிலேயே பழியாய்க் கிடக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர். அன்று காலை மருமகனை வைத்தே செய்து காட்டினார்.

பைக்கை ஸ்டாண்டில் தூக்கிப் பின் வீலைத் தொங்கவிட்டார். ஆக்ஸிலிலிருந்து பின் மட்கார்டில் பென்சிலால் போட்ட கோடு வரை அளந்தார். 610 மி.மீ. “ஏறுங்க தம்பி. ஹெல்மெட், பூட்ஸ், செஸ்ட் கார்டு எல்லாம் போட்டுக்கிட்டே ஏறுங்க. ரேஸ்ல கழட்டிட்டா ஓட்டப்போறீங்க?” பையன் ஏறி நின்றான். இப்போது 491. “119 எறங்குது. நூறு, நூத்தஞ்சுல நிக்கணும்.” ஷாக்கின் மேல் வளையத்தைத் திருகித் திருகி 104-க்குக் கொண்டுவந்தார். பிறகு பையனை இறங்கச் சொல்லி, வண்டி தன் எடைக்கே எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். 12 மி.மீ.தான். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். “முப்பதாச்சும் எறங்கணுமுங்க. இவ்வளவு இறுக்கினதாலதான் எறங்கமாட்டேங்குது. ஸ்பிரிங் உங்களுக்குப் பத்தாது. இதுக்கு மேல இறுக்கறது ஏமாத்து வேலை.”

கம்பெனி போடும் ஸ்பிரிங் பொதுவாக 75, 80 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்டது. பையன் கியர் போடாமலே 92 கிலோ. பத்து லட்சம் கொடுத்தாலும், தன் எடைக்குச் சேராத ஸ்பிரிங்கோடு ஓட்டினால், வளைவில் முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆக, பட்ஜெட்டில் ஸ்பிரிங்குக்கு ஒரு வரி எழுதியாக வேண்டும்.

நம் மண்ணுக்கும் ஒரு வரி. காலை ஏழு மணிக்கு ஈரமாக இருக்கும் செம்மண், பதினொரு மணிக்குச் சிமென்ட் தரையாகிவிடும். உயரமான கட்டைகளை இடைவெளி விட்டு வைத்த சேற்று டயர், இதில் வளைந்து நெளிந்து தேய்ந்துபோகும். கட்டைகள் நெருக்கமாக இருக்கும் கடினத் தரை டயர்தான் இங்கே சரி.

வாங்கிய பிறகு வரும் பில்

ரோடு பைக்குக்கு 30 மணி நேரம் என்பது முதல் சர்வீஸ் வயது. மோட்டோகிராஸ் பைக்குக்கு அது நடுவயது. ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில். புழுதி ட்ராக்கில் ஒவ்வொரு நாளும் ஏர் ஃபில்டர் கழுவ வேண்டும். நுரை ஃபில்டரை முறுக்கிப் பிழிந்தால் கிழியும். அமுக்கி, அலசி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் போட வேண்டும். ஒரு நாள் சோம்பேறித்தனப்பட்டால் செம்மண் நேராக சிலிண்டருக்குள் போகும். பிஸ்டனை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். வண்டி வாங்குவதற்கு முன்பே அதைப் படித்து, மாதம் எத்தனை மணி நேரம் ஓட்டுவோம் என்று பெருக்கிப் பார்த்தால் உண்மை விலை தெரியும்.

வண்டிக்கே பணத்தையெல்லாம் கொட்டியவன், ட்ராக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் வழியில்லாமல் மாதம் ஒரு முறை வருவான். சின்ன வண்டிக்காரன் வாரம் இரண்டு முறை வருவான். ஆறு மாதத்தில் யார் முன்னால் இருப்பார்கள் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். ஓட்டி ஓட்டித்தான் மேலே போக முடியும். டக்கார் ரேலியில் 2015-இல் ஓடிய சி.எஸ். சந்தோஷ், 2024-இல் அங்கே ரேலி 2 பிரிவை வென்ற ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா, இருவரும் நம் நாட்டுச் சூப்பர்கிராஸ் மண்ணில் உருண்டு எழுந்தவர்கள்தான்.

மருமகன் ஒரு வாரம் பேசவில்லை. கோபமோ என்று நினைத்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கடைசியில் எக்ஸ்பல்ஸ் எடுத்தான். மிச்சப் பணத்தில் நல்ல பூட்ஸ், ஹெல்மெட், நெக் பிரேஸ், தன் எடைக்கேற்ற ஸ்பிரிங், கடினத் தரை டயர் ஒரு ஜோடி. “450 அடுத்த வருஷம் மாமா” என்றான். நான் வாதாடவில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் வாளி வைத்து ஃபில்டரை அமுக்கிக்கொண்டிருந்தான், முறுக்கவில்லை. வண்டியில் ஹெட்லைட்டைக் கழற்றிய இடத்தில் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு மீட்டர். கம்பெனி கொடுத்ததில்லை, அவனே வாங்கி மாட்டியது. 6.2 காட்டியது.